குழாய் உடைவதற்கு முன்பே பிளம்பரைத் தேடுங்கள்: சென்னையில் புதிதாக வீடு எடுத்தவர்களுக்கு

ராத்திரி பத்து மணிக்குக் குளியலறைக் குழாய் கழன்று கையோடு வந்த பிறகு பிளம்பரைத் தேடினால் ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்காது. யார் போனை எடுக்கிறாரோ அவரைக் கூப்பிட வேண்டியதுதான், அவர் கேட்கும் கூலியைக் கொடுக்க வேண்டியதுதான். அதனால் பால் காய்ச்சிக் குடிவந்த முதல் மாதமே, எதுவும் உடையாமல் இருக்கும்போதே, ஒரு பிளம்பரைக் கண்டுபிடித்துச் சின்ன வேலை ஒன்று கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். சம்ப் (தரைக்கடித் தொட்டி), மோட்டார், மொட்டைமாடி டேங்க், போர் தண்ணீர் என்று இருக்கும் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டைச் சுற்றி ஒருமுறை

யாரையும் கூப்பிடுவதற்கு முன் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். மெட்ரோ வாட்டர் லைன் எங்கே நுழைகிறது, சம்ப் எங்கே, போர் எங்கே, மாடியில் டேங்க் ஒன்றா இரண்டா, டேங்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனும் எங்கே போகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். டேங்குக்கு அடியில் வரிசையாக வால்வுகள் இருக்கும். ஒன்றை மூடிவிட்டு, கீழே எந்தக் குழாயில் தண்ணீர் நின்றது என்று வீட்டில் ஒருவரைக் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தெரிந்ததும் பக்கத்துச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள்: சமையல், முன் பாத்ரூம், கீழ் வீடு. பல வருடம் யாரும் திருப்பாத பித்தளை கேட் வால்வு உப்பு படிந்து இறுகியிருக்கும். அதைப் பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் தண்டு (ஸ்பிண்டில்) முறிந்துவிடும். குறித்து வைத்துக்கொண்டு பிளம்பர் வரும்போது காட்டுங்கள்.

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். செலவு யாருடையது என்பதற்குத் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, பைப் லைன் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயும் வாஷரும் மாற்றுவது, அடைப்பு எடுப்பது, வாஷ் பேசின், கழிப்பறை, கீசர் பழுது ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் வீட்டுக்காரரோடு பாதி மனக்கசப்பு வராது.

சில தொல்லைகளுக்கு ஆளே வேண்டாம். ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெல்லிசாக வருகிறது என்றால், அதன் வாயில் இருக்கும் சல்லடை மூடியைக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாக அடைத்திருக்கும். வினிகரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். எல்லாக் குழாயிலும் அப்படித்தான் வருகிறது என்றால்தான் பிளம்பர் வேலை.

எங்கே, யாரிடம் கேட்பது

அதே தெருவில், அதே மாதிரிக் கட்டடத்தில் வெகுநாளாக இருப்பவர்களிடம் கேளுங்கள். அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் செயலாளரும் வாட்ச்மேனும். ‘நல்ல பிளம்பரா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘நல்லவர்தான்’ என்பார்கள். ‘கடைசியா உங்க வீட்டுல என்ன வேலை பார்த்தாரு? அது இப்பவும் நிக்குதா? மறுபடி கோளாறு வந்து கூப்பிட்டப்போ வந்தாரா?’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். தவறு எல்லோர் வேலையிலும் வரும், கூப்பிட்டதும் வந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் ஆள் கிடைக்கும். பல கடைகளில் பிளம்பர் வாங்கவைக்கும் பொருளுக்குக் கமிஷன் உண்டு. அதனால் கடைக்காரர் சொல்லும் ஆள் மோசம் என்று ஆகிவிடாது. ஆளை அங்கே பிடித்தாலும் பொருள் விலையை இன்னொரு கடையில் ஒருமுறை கேட்டுவிட்டால் போதும்.

செயலிகள் வழியாக வருபவர்கள் குழாய் மாற்றுவது போன்ற சின்ன வேலைக்குச் சௌகரியம். விலை முன்கூட்டியே தெரியும். ஆனால் இன்று வந்தவரே அடுத்த முறையும் வருவார் என்று நம்ப முடியாது. உங்கள் வீட்டு லைன் தெரிந்த ஒரே ஆள் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் தெருக்கோடியில் இருப்பவர்தான் தோது.

படிப்பைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஐ.டி.ஐ.யில் பிளம்பர் தொழிற்பிரிவு ஓராண்டுப் படிப்பு. முடித்திருந்தால் நல்லது. ஆனால் நம் ஊரில் நல்ல பிளம்பர்களில் பெரும்பாலோர் ஒரு மேஸ்திரியிடம் கையாளாக இருந்து கற்றவர்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்கிவிடாதீர்கள். பெயர், வீடு இருக்கும் இடம், ஆதார் அல்லது தொழிலாளர் நலவாரிய அட்டை ஆகியவற்றை மரியாதையாகக் கேட்டுப் பார்த்துவைத்துக்கொள்வது போதும்.

போனில் என்ன பேசுவது

‘பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது, சீக்கிரம் வாங்க’ என்றால் அவர் எந்தச் சாமானை எடுத்துவருவார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘அண்ணே, வாஷ் பேசின் அடியில ஆங்கிள் காக் ஒழுகுது. மாடி வால்வை மூடினா நிக்குது. வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க. வந்து பார்க்க எவ்வளவு வாங்குவீங்க? வேலையை உங்ககிட்டயே குடுத்தா அந்தக் காசு கூலியில கழியுமா?’

(ஆங்கிள் காக் என்பது சுவர் பைப்பிலிருந்து பேசினுக்கோ ஃப்ளஷ் டேங்குக்கோ தண்ணீர் விடும் சின்ன வால்வு.) வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் எதிர்க்கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி. பைப் இரும்பா பிளாஸ்டிக்கா, எத்தனை வருடத்துக் கட்டடம், மேல் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று கேட்பவர் ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கிவிட்டார். எதையும் பார்க்காமலேயே ‘மொத்த லைனையும் மாத்தணும் சார்’ என்று போனிலேயே சொல்பவரைக் கூப்பிட வேண்டாம்.

முதல் வேலை, சின்ன வேலை

ஒழுகும் ஆங்கிள் காக், நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க், மிதவை வால்வு வேலை செய்யாமல் நிரம்பி வழியும் மாடி டேங்க். இந்த மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தோடு நின்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆங்கிள் காக் மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். கைதேர்ந்தவர் முதலில் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீர் உண்மையிலேயே நின்றதா என்று பார்ப்பார். பைப் ரிஞ்ச்சை நேராகக் குரோமில் போடாமல் ஒரு துணியைச் சுற்றிப் பிடிப்பார். பழைய காக்கைக் கழற்றியதும் சுவருக்குள் இருக்கும் மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பையும் துருவையும் சுத்தம் செய்வார். புதிய காக்கின் மரையில் டெஃப்லான் டேப்பை, முடுக்கும் திசையிலேயே, இழுத்துப் பிடித்துச் சுற்றுவார். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முதலில் கையாலேயே முடுக்கி, மரை நேராகப் பிடித்ததா என்று உணர்ந்த பிறகுதான் ரிஞ்ச்சை எடுப்பார். வால்வைத் திறந்ததும் கிளம்பிவிட மாட்டார். ஜாயிண்ட்டைத் துணியால் துடைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்துக் காய்ந்த விரலால் அடியில் தடவிப் பார்ப்பார். கழற்றிய பழைய பொருளை உங்கள் கையில் கொடுத்து, எங்கே போயிருக்கிறது என்று காட்டுவார்.

சொட்டும் குழாய்க்கும் இதே மாதிரிச் சோதனை உண்டு. பழைய மாடல் என்றால் உள்ளே வாஷர், கால்வாசித் திருப்பிலேயே திறக்கும் புது மாடல் என்றால் கார்ட்ரிட்ஜ். அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று முதலில் கேட்பவரும், பார்த்ததுமே ‘புதுக் குழாய் வாங்கிடுங்க’ என்பவரும் ஒன்றல்ல. சொட்டை அலட்சியமாக விடவும் வேண்டாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் போய்விடும் என்று கணக்கிடுகிறார்கள். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஓதம் வந்த சுவர்

ஒரு பிளம்பரின் தரம் உண்மையில் தெரிவது இங்கேதான். சுவரில் ஈரம், பெயிண்ட் உப்பி உதிர்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சுத்தியலை எடுப்பவர் சுவரையும் உடைத்து உங்கள் பணத்தையும் செலவழிப்பார்.

நல்லவர் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ‘காலையில எல்லாரும் குளிச்ச பிறகு ஈரம் அதிகமாகுதா, இல்ல நாள் பூரா ஒரே மாதிரியா? ஊருக்குப் போயிட்டு வந்தப்போ காஞ்சிருந்துச்சா? மழைக்குப் பிறகுதான் வந்துச்சா?’ நாள் முழுவதும் ஒரே மாதிரி ஈரம் என்றால், எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை லைனில் கசிவு இருக்கலாம். குளித்த பிறகு மட்டும் கூடினால் கழிவு பைப்பையோ, டைல்ஸ் இடுக்கையோ, தண்ணீர் இறங்கும் தரை ட்ராப்பையோ சந்தேகிக்க வேண்டும். மழைக்கு மட்டும் வந்தால் மொட்டைமாடியிலோ வெளிச்சுவர் விரிசலிலோ கோளாறு இருக்கலாம், அது கொத்தனார் வேலை.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். இரவு படுக்கும் முன் டேங்கை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். எல்லாக் குழாயையும் மூடி, டேங்கின் தண்ணீர் மட்டத்தைக் குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்த இரவு ஒரு லைனின் வால்வை மூடிவிட்டு இதையே செய்தால் எந்த லைன் என்று பிடிபடும். ஃப்ளஷ் டேங்க் மேல் சந்தேகம் என்றால் அதில் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். இந்த விவரங்களோடு பேசினால் பிளம்பருக்கும் வேலை சுலபம்.

பழைய வீடுகளில் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) இருக்கும். உள்ளே துருப்பிடித்து மெலிந்திருக்கும், ஓர் இடத்தில் ரிஞ்ச் போட்டுத் திருப்பினால் இரண்டடி தள்ளி இன்னொரு இடம் விட்டுவிடும். ‘சார், பழைய லைன், கை வச்சா வேற எடம் போகலாம், பரவாயில்லையா?’ என்று வேலைக்கு முன்பே சொல்கிறவரை நம்புங்கள். பயந்துபோய் வேலை கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கூலி பேசுவது

கூலி நான்கு விதமாகப் பேசப்படும்: வந்து பார்க்கும் கட்டணம், ஒரு வேலைக்கு இவ்வளவு, நாள் கூலி, பாயிண்ட் கணக்கு (குழாய் மாட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு). சின்ன வேலைக்கு வேலைக் கணக்கு சரி. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத பழைய லைன் வேலைக்கு நாள் கூலிதான் இருவருக்கும் நியாயம். புது பாத்ரூம் என்றால் பாயிண்ட் கணக்கு. இதில்தான் சண்டை வரும். சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டும் வரும் மிக்சர் ஒரு பாயிண்டா இரண்டா? சுவர் வெட்டுவது கூலிக்குள் அடங்குமா? வெட்டிய இடத்தைப் பூசுவது யார்? இடிபாட்டை அள்ளுவது யார்? குழாய், கண்ணாடி, டவல் கம்பி மாட்டுவதற்குத் தனிக் காசா? இவ்வளவையும் முதலிலேயே கேட்டுவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்:

‘பின் பாத்ரூம் வேலை, 9 பாயிண்ட், லேபர் மட்டும். சுவர் வெட்டுவது உங்களுடையது, பூச்சு எங்களுடையது. பொருள் நாங்கள் வாங்கித் தருகிறோம். பிரஷர் டெஸ்ட் முடிந்த பிறகு பாதி, ஃபிட்டிங் முடிந்ததும் கால் பங்கு, அதிலிருந்து பதினைந்து நாள் கழித்துக் கடைசிக் கால் பங்கு. சரியா அண்ணே?’

அவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அதுவே போதும். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஆனால் மற்றவர்களைவிட வெகு கீழே ஒருவர் சொன்னால், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருள் வாங்க என்று கையில் பெரிய அட்வான்ஸ் கொடுப்பதைவிட, பட்டியல் வாங்கிக்கொண்டு நீங்களே கடைக்குப் போங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு.

கடையில்

பைப்புகளுக்கும் எல்போ, டீ போன்ற ஃபிட்டிங்குகளுக்கும் அச்சிட்ட விலையில் கணிசமான தள்ளுபடி உண்டு. கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி.தான் போட வேண்டும். சாதாரண வெள்ளை யு.பி.வி.சி. கீசர் சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. பைப்பின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 15778 என்றும், கழிவுநீர் பைப்பில் 13592 என்றும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டு வகைப் பைப்புக்கும் ஒட்டும் பசை வேறு. ஒரே டப்பாவை வைத்து எல்லாவற்றையும் ஒட்டினால் தடுத்துக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், குழாய்களுக்குக் கம்பெனி உத்தரவாதம் கேட்க அது வேண்டும்.

சுவருக்குள் போகும் பைப்

டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் செலவு பல மடங்கு. ஆகவே சுவரை மூடும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் ஒருபோதும் விடாதீர்கள். ஒட்டிய ஜாயிண்ட்டுகள் ஒரு நாள் காய்ந்த பிறகு, எல்லா வாயிலும் டம்மி (அடைப்பு மூடி) போட்டு, காற்றை வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள்ளைப் போட்டோ எடுத்துவையுங்கள். சில மணி நேரம் கழித்தும் முள் இறங்காமல் இருக்க வேண்டும். ‘அதெல்லாம் வேணாம் சார், நான் கியாரண்டி’ என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதே நாளில், சுவரில் அளவு டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பைப் தரையிலிருந்து எத்தனை அடி உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று படத்திலேயே தெரிய வேண்டும். பின்னால் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அருமை தெரியும். தரை வேலை முடிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி வாட்டம் பாருங்கள். தண்ணீர் எல்லாம் ட்ராப்புக்குள் இறங்க வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது.

இதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள்

செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடைக் குழிக்குள்ளோ யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். அவரே ‘இறங்குறேன்’ என்றாலும் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். செப்டிக் டேங்கைக் காலி செய்யக் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள், 14420 என்ற எண்ணில் கேட்கலாம். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு உங்கள் வீட்டுச் சேம்பர் நிரம்பினால் அது மெட்ரோ வாட்டர் வேலை. 1916 அல்லது 044-4567 4567. பிளம்பருக்குக் காசு கொடுத்துத் தெருவைத் தோண்டச் சொல்லாதீர்கள்.

பல நாள் மூடிக்கிடந்த சம்ப்பிலும் மூச்சுவிடக் காற்று இருக்காது. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடாமல், மேலே ஓர் ஆள் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

கீசரின் பாதுகாப்பு வால்வில் சொட்டுகிறது என்று அதை டம்மி வைத்து அடைக்கும் பிளம்பர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் வெளியேற வழியில்லாமல் கீசர் வெடிக்கும் அபாயம் உண்டு. அடைக்கச் சொல்பவரை உடனே நிறுத்துங்கள், வால்வைத்தான் மாற்ற வேண்டும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயைச் சாக்கடைச் சேம்பரில் இணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தவிர, பெருமழையில் அந்தச் சேம்பர் உங்கள் வாசலில்தான் பொங்கும்.

வேலை முடிந்ததும்

பேசிய கூலியைப் பேசிய நாளிலேயே கொடுங்கள். முடிந்த பிறகு பேரம் பேசாதீர்கள். ஜி-பேயில் அனுப்பினால் என்ன வேலை என்று குறிப்பு எழுதுங்கள், பின்னால் தேதி பார்க்க உதவும். செய்த வேலையில் கோளாறு என்றால் முதலில் அவரிடமே சொல்லி, வந்து பார்க்க நேரம் கொடுங்கள். பெரிய தொகை வாங்கிக்கொண்டு வரவே மறுத்தால், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம், பில் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேளுங்கள்.

பிடித்துப்போன ஆள் கிடைத்துவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள். மிதவை வால்வு, டேங்க் மூடி, மழைநீர்க் குழாய், இறுகிப்போன கேட் வால்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி அதற்குக் கூலி கொடுங்கள். அவசரத்துக்குக் கூப்பிடும்போது அவர் முதலில் வருவது இப்படிப் பழகிய வீட்டுக்குத்தான். அவர் ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்பதற்காக இரண்டாவது ஆளின் எண்ணையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள். இரண்டு எண்களையும், எந்த வால்வு எங்கே என்பதையும் ஒரு தாளில் எழுதி, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஆபீசில் இருக்கும்போது பைப் உடைந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.